காலையில் ஸ்டார்ட் ஆகாத டிராக்ஸ்: பம்பைக் கழற்றும் முன் டாப்பெட்டைப் பாருங்கள்

நாலு ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனைகள் இவை.

பென்னாகரம்:
மார்கழிக் குளிரில் பழைய டெம்போ டிராக்ஸ் வண்டி வெள்ளைப் புகை விட்டு அடம்பிடித்தால், உடனே டீசல் பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள். வேண்டாங்க. உள்ளே இருப்பது மெர்சிடிஸின் ஓஎம் 616 டீசல் எஞ்சின், 2.4 லிட்டர். இதில் ஓட ஓட வால்வு சீட்டுக்குள் இறங்கும். டாப்பெட் இடைவெளி, அதாவது கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் சந்து, குறைந்துகொண்டே வரும். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், கசியும். டாப்பெட் சத்தமே இல்லை என்றால்தான் சந்தேகப்படணும்.

இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் பாருங்கள். இன்லெட் (காற்று நுழையும் வால்வு) 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30. கேம் மூக்கு, வால்வை அழுத்தும் ராக்கரை விட்டு விலகி மேலே நிற்கும்போது, சந்தை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் விடணும். 14 ஸ்பேனர் இரண்டு வேணும், லாக் நட்டுக்கு ஒன்று, மேல் நட்டுக்கு ஒன்று. ஸ்ப்ரிங் தட்டு கூடவே சுற்றினால் அதைப் பிடிக்க மூன்றாவது சாவி. லாக் நட் இறுகும்போது அளவு நகரும்; இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். எஞ்சினைக் கிராங்க் போல்ட்டில் மட்டும், ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள். கேம் சக்கரப் போல்ட்டில் கை வைக்கவே கூடாது.

ஓசூர்:
பென்னாகரம் அண்ணன் சொன்னது சரி. அடுத்தது, ஸ்டார்ட் பண்ணும் முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக். 21:1 கம்ப்ரஷன் இருந்தாலும் டீசல் முதலில் பாயும் சிறு அறையான ப்ரீசேம்பரின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். பிளக் இல்லாமல் குளிரில் பிடிக்காது. பழைய கம்பிச்சுருள் வகை ஒரே வரிசையில் இணைந்தது, ஒன்று போனால் நாலும் போச்சு. பென்சில் வகையில் ஒன்று போனால் எஞ்சின் ஆடிக்கொண்டே எழும்பும். மாற்றும்போது துளையில் இருக்கும் கரியை ரீமரால் சுரண்டி எடுங்கள். விட்டால் புதுப் பிளக்கின் முனை சீக்கிரம் கருகிவிடும்.

காரிமங்கலம்:
டீசலைக் கையால் ஏற்றும் கை பம்பை நாலு அடி அடித்ததும் ஸ்டார்ட் ஆகிறதா? அப்போ டீசல் லைனில் ஏர் இழுக்குது. முதலில் அந்தக் கை பம்பையே மாற்றுங்கள், வயசானால் அதுவே கசியும். டாப்பெட் வைத்த பிறகு கம்ப்ரஷன் எடுங்கள். நல்ல எஞ்சின் 22 முதல் 24 பார் காட்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது.

தேன்கனிக்கோட்டை:
கேமையும் டீசல் பம்பையும் சுற்றும் டைமிங் செயினையும் மறக்காதீங்க. நீண்டால் கேமும் பம்பும் சேர்ந்தே பின்தங்கும், பிஸ்டன் உச்சிக்கு வர 24 டிகிரி இருக்கும்போதே பாய வேண்டிய டீசல் தாமதமாகும். கேம் குறியை நேராக வைத்துக் கிராங்க் டிகிரி பாருங்கள். பிஸ்டன் வாங்கும் முன் போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) அளப்பது கட்டாயம்: முந்தைய 616 91.0 மி.மீ., பிந்தையது 90.9. ஐந்து சிலிண்டர் 617 டர்போவுக்கு எக்ஸாஸ்ட் டாப்பெட் 0.35, அந்த அளவை இதற்கு வைக்காதீர்கள்.