எலிக்கு 480 என்றால் எங்களுக்கு 3 ஒன்றுமில்லையா?

காளான் கொட்டகை:

ஊட்டியை ஒட்டிய ஒரு மொட்டுக் காளான் பண்ணையில் வேலை பார்க்கிறேன். காளான் படுக்கையின் மேல் பரப்பும் மண்ணுக்கு ஃபார்மலின் போட்டுத்தான் கிருமி நீக்குகிறோம். மண்ணைக் குவித்து, ஃபார்மலின் கலந்த தண்ணீரை ஊற்றி, தார்ப்பாயால் மூடி வைத்து, பிறகு பிரித்துக் கிளறிவிடுவது என் வேலை. தார்ப்பாயைத் தூக்கும்போது கண்ணில் மிளகாயைத் தேய்த்ததுபோல் எரியும். மழைக்காலத்தில் இதெல்லாம் கொட்டகைக்குள்தான்.

அண்மையில் ஒருவர் வந்து, நிறம் மாறும் கண்ணாடிக் குழாயை வைத்து நான் கிளறும் இடத்தில் காற்றை அளந்தார். 3 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 3 பங்கு. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் ஃபார்மலினோடு வந்த பாதுகாப்புத் தாளை எடுத்துக் காட்டினார். அதில் ‘சுவாசம், எலி, 4 மணி நேரம், எல்சி50: 480 பிபிஎம்’ என்று இருந்தது. “480இல்தான் எலியே சாகிறது, 3க்கு ஏன் இந்தக் கூச்சல்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எலியை வைத்து இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த எண்ணை எங்களுக்குப் பொருத்தலாமா?

குன்னூர் மருந்தாளுநர்:

விவரம் தெரிந்தவர்கள் வரும்வரை ஒன்று. துணி முகக்கவசமும் என்95ம் தூசிக்குத்தான். ஃபார்மலினிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு வாயு, நேரே உள்ளே போய்விடும். சாதாரண கரிப்பெட்டி வைத்த முகமூடியும் இதை அதிக நேரம் பிடித்து வைக்காது. ஃபார்மால்டிஹைடுக்கு என்றே குறிப்பிட்ட வடிகட்டிப் பெட்டி வேண்டும். கண்ணுக்குக் காற்றுப் புகாத கண்ணாடி.

கோத்தகிரிக் கிழவன்:

அம்மா, உங்கள் மேற்பார்வையாளர் வேறொரு கேள்வியின் விடையை எடுத்து உங்கள் கேள்விக்கு ஒட்டியிருக்கிறார்.

நான் கீழே சமவெளியில் ஒரு நச்சியல் ஆய்வகத்தின் சுவாசச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த 480 எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். பிறகு நீங்களே அவரிடம் பேசலாம்.

இதற்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 403ஆம் சோதனை வழிகாட்டி என்று ஒன்று உண்டு. 1981இல் வந்தது, 2009இல் திருத்தினார்கள். 8 முதல் 12 வார வயதுள்ள எலிகளை எடுத்துக்கொள்வோம். எலி வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டுமே. ஆகவே உடம்பை ஒரு குழாய்க்குள் வைத்து, மூக்கு நுனி மட்டும் வாயு ஓடும் அறைக்குள் நீட்டியிருக்கும்படி செய்கிறோம். எலியை முழுசாக அறைக்குள் விட்டால் மயிரில் படிந்ததை நக்கி விழுங்கிவிடும். மூச்சில் போனது எவ்வளவு, வயிற்றில் போனது எவ்வளவு என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

குழாயில் எலியை ஏற்றுவது கைப்பழக்கம். முன்முனை தலைக்கு ஏற்பக் கூம்பியிருக்கும். பழக்கிய எலி இருட்டான ஓட்டையைக் கண்டால் தானாகவே நுழையும். பின்னால் அடைப்பைத் தள்ளி, வாலை அதன் பிளவு வழியே வெளியே எடுத்துவிட வேண்டும். எலி தன் உடல் சூட்டைக் கழிப்பது வாலின் வழியாக. வால் உள்ளே மடங்கிக் கிடந்தால் வெக்கையில் துவண்டுவிடும், நாம் அதை வாயுவின் கணக்கில் எழுதிவிடுவோம். அடைப்பு தளர்ந்திருந்தால் உள்ளேயே புரண்டு, மூக்கைப் பின்பக்கம் வைத்து நல்ல காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். கெட்டிக்காரப் பிராணி. அதிகம் இறுக்கினால் விலா விரியாது.

ஃபார்மால்டிஹைடு என்றால் பாராஃபார்மால்டிஹைடு என்ற வெள்ளைப் பொடியைச் சூடாக்கி வாயுவாக்குவார்கள். போட்ட பொடியை ஓடிய காற்றால் வகுத்தால் ஓர் எண் வரும். எலியின் மூக்கருகே காற்றை இழுத்து அளந்தால் வேறோர் எண் வரும், எப்போதும் குறைவாக. குழாயிலும் சுவரிலும் ஒட்டியது போக மிஞ்சுவதுதானே எலிக்கு? அறிக்கையில் இரண்டையும் எழுத வேண்டும். ஆனால் எல்சி50 கணக்கு மூக்கருகே அளந்ததிலிருந்துதான். சோதனைப் பிரிவில் பாதி உழைப்பு இந்த அளவை நான்கு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நிறுத்துவதற்கே போகும். அறைக் காற்றில் ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பிறகு எலியைக் கூண்டுக்குத் திருப்பி 14 நாள் பார்ப்போம். 1, 3, 7ஆம் நாள்களில் எடை. மற்ற அறிகுறிகள் தெரியும் முன்பே எடை இறங்கிவிடும். சில எலிகளுக்குக் கண்ணையும் மூக்கையும் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை படியும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் ரத்தம் என்று பதறுவார்கள். அது கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி, எலி அவதியில் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி நாளில் மிச்சம் இருப்பவற்றை வலியில்லாமல் கொன்று வெட்டிப் பார்ப்போம். வெவ்வேறு அளவுகளில் எத்தனை இறந்தன என்று வைத்துக்கொண்டு, பாதி எலிகள் சாகும் அளவைக் கணக்கிடுவார்கள். அதுதான் எல்சி50.

ஆக, 480 என்பது எலி சாகத் தொடங்கும் இடம் அல்ல. பாதிக் கூண்டு காலியாகும் இடம். பிழைத்த பாதி சுகமாக இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. டிரம் உடைந்து கொட்டும் நாளில் என்ன ஆகும், லேபிளில் மண்டையோடு போடுவதா வேண்டாமா என்பதற்கான எண் அது. வாயுக்களில் எல்சி50 100 பிபிஎம் வரை இருந்தால் நச்சில் முதல் வகை, 500 வரை இரண்டாம் வகை. இரண்டுக்குமே ‘சுவாசித்தால் உயிர் போகும்’ என்றுதான் எச்சரிக்கை எழுத வேண்டும். உங்கள் மேற்பார்வையாளர் ஆறுதலாகக் காட்டிய எண் இந்த வரிசையில் நிற்கிறது!

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் எலிகளை 2, 5.6, 14.3 பிபிஎம் ஃபார்மால்டிஹைடில் நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள், 2 ஆண்டுகள் வைத்துப் பார்த்தார்கள். 1983இல் முழு அறிக்கை வந்தது. 14.3இல் இருந்த எலிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றுக்கு மூக்கினுள் புற்றுநோய். 5.6இல் இரண்டுக்கு. 2இல் இல்லை. அதே அளவில் சுண்டெலிகளுக்கு மிகக் குறைவு, ஏனென்றால் எரிச்சல் பட்டதும் சுண்டெலி மூச்சைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. எலி அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. 14 நாள் பார்க்கும் சோதனையில் இதெல்லாம் கண்ணில் படவே படாது. 2004இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் பிரிவில் வைத்தது.

உங்கள் 3ஐ எதோடு ஒப்பிட வேண்டும் என்றால், அமெரிக்கத் தொழிலிட விதியில் 8 மணி நேரச் சராசரி 0.75, பதினைந்து நிமிடத்துக்கு 2. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டிய அளவு 20.

தராசுமுள்:

ஐயா, மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பிபிஎம் என்பது காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை என்ற விகிதம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், அங்கே சுமார் 77. கடல்மட்டத்தில் 25 டிகிரியில் ஃபார்மால்டிஹைடு 1 பிபிஎம் என்றால் கனமீட்டருக்கு 1.23 மில்லிகிராம். ஊட்டியில் 15 டிகிரியில் அதே 1 பிபிஎம் சுமார் 0.97 மில்லிகிராம். கண்ணாடிக் குழாயில் கோடு போட்டது கடல்மட்டக் கணக்குக்கு. ஆகவே படித்த எண்ணை 101ஆல் பெருக்கி 77ஆல் வகுக்க வேண்டும். 3 என்று படித்தது உண்மையில் 3.9.

கோத்தகிரிக் கிழவன்:

கணக்கு சரிதான். ஆனால் அம்மா, நாளைக்கே போய் “3 இல்லை, 4” என்று சண்டை பிடிக்காதீர்கள். குழாய் தன் வழியே போன மூலக்கூறுகளைத்தான் எண்ணுகிறது. மூக்கில் படுவதும் அதே மூலக்கூறுகள். கனமீட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதினால் குழப்பம் இல்லை: உங்கள் கொட்டகையில் சுமார் 3.7, அந்த எலிச் சோதனையில் சுமார் 590. 15 நிமிட வரம்பான 2 பிபிஎம் சுமார் 2.5. எப்படி எழுதினாலும் வரம்புக்கு மேலேதான் நிற்கிறீர்கள்.

மலைமேல் நாம் இழுக்கும் மூச்சும் அதிகம். மண்வெட்டி பிடித்துக் கிளறும்போது இன்னும் அதிகம். எலி குழாய்க்குள் அசையாமல் கிடந்தது.

குன்னூர் மருந்தாளுநர்:

படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது ஐயா. இன்னுமா இப்படிக் கொன்று பார்க்கிறார்கள்? எங்கள் ஊர் பாஸ்டர் நிறுவனத்திலேயே ஆட்டு மூளையில் செய்த வெறிநாய்க்கடி ஊசியை விட்டுவிட்டு செல் வளர்ப்புக்குப் போய்விட்டார்களே.

கோத்தகிரிக் கிழவன்:

கேட்க வேண்டிய கேள்வி. நம் நாட்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இன்கீழ் ஒரு மத்தியக் குழு இருக்கிறது. ஒவ்வோர் ஆய்வகத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் ஓர் எலியைத் தொடலாம். 2009இல் வந்த 436ஆம் வழிகாட்டியில் படிப்படியாகச் சில எலிகளோடு முடித்துவிடலாம். 2017இல் வந்த 433இல் சாவை எண்ணுவதே இல்லை, எலி தெளிவாக அவதிப்படுகிறது என்று தெரிந்தால் போதும். ஃபார்மால்டிஹைடு போன்ற பழைய பொருளுக்குத் திரும்பவும் எலியைக் கொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெரிந்ததை மதித்தாலே போதும்.

காளான் கொட்டகை:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதைத் தாளில் எழுதிக்கொண்டேன், தினச் சராசரி 0.75 என்ற வரியை அவரிடம் காட்டப்போகிறேன். இன்னொரு சந்தேகம். பனி இறங்கும் மாதங்களில் ஃபார்மலின் கேனுக்கு அடியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. வெந்நீர் அண்டாவில் கேனை இறக்கி வைத்து, கொட்டகைக்குள்ளேயே கலக்கிக் கரைக்கிறோம். மூடி திறந்தே இருக்கும். பரவாயில்லையா?

கோத்தகிரிக் கிழவன்:

அதை இன்றோடு நிறுத்துங்கள். அடியில் படிவது பாராஃபார்மால்டிஹைடு. எலிக்கு வாயு தயாரிக்க நாங்கள் சூடாக்கியது அதைத்தான். தவிர, ஃபார்மலின் உறையாமல் இருக்க மெத்தனால் கலந்திருப்பார்கள், பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம். அது தீப்பிடிக்கும், அண்டாவுக்கு அடியில் அடுப்பு வேறு எரிகிறது. கேனை 15 டிகிரிக்குக் கீழே போகாத, காற்றோட்டமுள்ள தனி அறையில் வையுங்கள். படிந்துவிட்டதை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

முடிந்தால் ஃபார்மலினையே விட்டுவிடச் சொல்லுங்கள். மண்ணை நீராவியில் 65 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் வைத்தால் அதே வேலை நடக்கும், மறுநாள் ஆறியதும் பரப்பலாம். வாசனை போகட்டும் என்று நாள்கணக்கில் கிளறிக்கொண்டிருக்கும் கூலியை அவரையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.