ஹப் மோட்டார்: டார்க் ஆர்ம் ஒரு பக்கமா, இரு பக்கமுமா?

வணக்கம் நண்பர்களே. கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் 36 வோல்ட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மின்மோட்டார்) பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஃபிரேம் அலுமினியம், பின்பக்க இடைவெளி 135 மி.மீ., அதில் சிக்கல் இல்லை. ஆக்சிலின் (சக்கர அச்சு) தட்டையான பகுதி 10 மி.மீ. நட்டை இறுக்கும் முன் ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் டிராப்அவுட்டுக்குள் (ஃபிரேமில் ஆக்சில் உட்காரும் பிளவு) லேசாக ஆடுகிறது. ஆக்சில் சுழன்றால் ஃபிரேமும் போச்சு, ஒயரும் அறுந்துவிடும். அதனால் ஆக்சில் சுழலாமல் ஃபிரேமோடு பிடித்துவைக்கும் டார்க் ஆர்ம் போடுவது உறுதி.

இது உள்ளே பல்சக்கரம் இல்லாத மோட்டார். பிரேக் பிடித்தால் பேட்டரிக்கு மின்சாரம் திரும்பும். அப்போது விசை எதிர்த்திசையில் வருமே, இரண்டு பக்கமும் வேண்டுமா? இடப்பக்கம் டிஸ்க் பிரேக் காலிப்பர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே எப்படிப் பொருத்தினீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.

அப்புறம், கடைசிச் சின்னப் பல்லுக்கு வந்தால் செயின் ஃபிரேமில் உரசுகிறது. உள்பக்கம் ஒரு வாஷர் சேர்த்தால் போதுமா?