அம்மா கல்யாண ஆல்பம் ஸ்கேன் பண்றேன், போட்டோ பூரா வெள்ளைப் புள்ளியா வருது

பரண்மேல்_பெட்டி:
வணக்கம் மக்களே, ஊர்ல வீட்டுக்கு வெள்ளையடிக்கறப்ப பரண்ல அம்மா அப்பா கல்யாண ஆல்பம் கிடைச்சுது, 1984, நூத்திச்சொச்சம் போட்டோ, எல்லாம் போஸ்ட்கார்டு சைஸ். வீட்ல இருக்கற ஆல் இன் ஒன் பிரிண்டர்லயே ஸ்கேன் பண்ணிடலாம்னு உக்காந்தேன், அதிகமா வச்சா நல்லதுதானேன்னு 1200 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு) வச்சேன், ஒரு போட்டோ முடியறதுக்குள்ள டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துடலாம். அதுகூட பரவால்ல, தாலி கட்டற போட்டோல அம்மா மூஞ்சி பூரா உப்பு தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. கண்ணாடிய மூணு தடவை தொடச்சாச்சு. இன்னொண்ணு, தாத்தா போட்டோ பிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிரிச்சா வருமா?

டார்க்ரூம்_வாசம்:
போட்டோவ சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, தேன்கூடு மாதிரி மேடு பள்ளமா இருக்கா? அப்ப ஸ்டுடியோல இந்த சொரசொரப்பு பேப்பர்தான் ரொம்ப ஓடுச்சு, கைரேகை படாதுன்னு. ஸ்கேனர் லைட் ஒரு பக்கமா அடிக்கறதால ஒவ்வொரு மேடும் மினுக்குது, அதான் உங்க உப்பு. எத்தனை தொடச்சாலும் போகாது. ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டு போட்டோவ தலைகீழா திருப்பி வச்சு இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டாவத கிம்ப்ல (இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்) நிமித்தி மொதலாவது மேல லேயரா வச்சு ஒபாசிட்டி 50% ஆக்குங்க, அதாவது கீழ இருக்கறது பாதி ஊடுருவித் தெரியற மாதிரி, பாதிக்கு மேல அடங்கிரும். எல்லாத்துக்கும் இத பண்ணா பைத்தியம் புடிச்சிரும், முக்கியமான பத்துக்கு பண்ணா போதும்.

அப்புறம் 1200லாம் வேஸ்ட்டு. 4க்கு 6 இன்ச் பிரிண்ட்ல 600 வச்சாலே 2400க்கு 3600 பிக்சல் வந்துரும், அதுக்கு மேல போனா பேப்பரோட சொரசொரப்பத்தான் பெருசாக்கறீங்க. நெகட்டிவ் இருக்கான்னு பரண்ல இன்னொரு தடவை தேடுங்க ப்ளீஸ், அது கிடைச்சா இந்த பேப்பர் பிரச்சனையே கிடையாது.

கோடிவீட்டுக்காரி:
தாத்தா போட்டோவ மட்டும் பிரிச்சிராதீங்க!! எங்க வீட்ல எங்க ஆச்சி போட்டோவ நான் பிரிச்சு பாதி மூஞ்சி கண்ணாடியோடயே போயிருச்சு, இன்னிக்கு வரைக்கும் திட்டு வாங்கறேன். ஈரத்துல போட்டோ மேல இருக்கற ஜெலட்டின் இளகி கண்ணாடில பசை மாதிரி புடிச்சிக்கும். கண்ணாடியோடவே வச்சு ஸ்கேன் பண்ணலாம்னாலும் ஆல் இன் ஒன்ல பெரும்பாலும் சிஐஎஸ்ங்கற வகை சென்சார்தான், ஸ்கேனர் கண்ணாடிய ஒட்டி இருக்கறதுதான் அதுல தெளிவா வரும், போட்டோ கொஞ்சம் தூக்குனாலே மங்கலாயிரும். கண்ணாடி மேல இருக்கற சந்தனம் குங்குமத்த தொடச்சிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி செவுத்துல சாய்ச்சு, நீங்க ஒரு கருப்பு துணிய முன்னாடி புடிச்சிகிட்டு அதுல ஓட்டை போட்டு அது வழியா மொபைல்ல எடுங்க. துணி இல்லேன்னா உங்க மூஞ்சியும் தாத்தா மூஞ்சில விழும்.

டார்க்ரூம்_வாசம்:
+1. போட்டோ பின்பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க, ஸ்டுடியோ சீல், தேதி ஏதாவது இருக்கும்.

பரண்மேல்_பெட்டி:
தேன்கூடேதான்! திருப்பிப் போட்டு எடுத்தேன், அம்மா மூக்குத்தியே தெரியுது இப்ப. நெகட்டிவ் கிடைக்கல. பின்பக்கம் பாத்தா ஒண்ணுல தாத்தா கையெழுத்துல "மொய் 51, குத்துவிளக்கு தனி"ன்னு இருக்கு, யார் வச்ச மொய்னு அம்மாவும் பெரியம்மாவும் காலைலேர்ந்து போன்ல சண்டை.