லெவி: வரியா, தீர்வையா, மகமையா?

கயல்விழி, சென்னை

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டன் குதிரைப் பந்தயத்தின் பணமுடை பற்றி ஒரு நீண்ட கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் ஆசிரியர் கைக்குப் போக வேண்டும். ஒரே பத்தியில் டாக்ஸ், டியூட்டி, லெவி மூன்றும் வருகின்றன. டாக்ஸ் வரி, டியூட்டி தீர்வை, சரி. லெவிக்கு என்ன சொல்வது?

விஷயம் இதுதான். 1961இல் அங்கே ரேஸ் பெட்டிங் கடைகள் சட்டப்படி தெருவுக்கு வந்தன. கடையிலேயே பணம் கட்டலாம் என்றால் மைதானத்துக்கு யார் வருவார்கள்? அதனால் அதே ஆண்டு ஒரு வாரியம் அமைத்து, பந்தயக் கடை நடத்தும் புக்கிகளிடம் பணம் வாங்கிப் பந்தயத் தொழிலுக்கே திருப்பித் தர ஏற்பாடு செய்தார்கள். அதுதான் லெவி. 2017 முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் நடத்துகிறவர்களும் கட்டுகிறார்கள். பிரிட்டன் பந்தயங்களில் கிடைக்கும் மொத்த லாபத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போவதற்கு 10 சதவீதம். அரசு கஜானாவுக்குப் போகும் 15 சதவீதம் தனி. அது டியூட்டி. இரண்டையும் ‘வரி’ என்று எழுதினால் கட்டுரையில் பொருளே இருக்காது.

தில்லை

உல்கு. வேறு சொல் தேட வேண்டாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் ஓய்வில்லாமல் உல்கு வாங்குவதை, கதிரவனின் தேரில் பூட்டிய குதிரைகளுக்கு ஒப்பிடுகிறார் புலவர். குதிரையும் உல்கும் ஒரே இடத்தில்! அதே பாட்டில்தான் கடல்வழி வந்த குதிரைகளும் வருகின்றன. பொருள் உலவும் இடத்தில் வாங்குவதால் உலவு, உல்வு, உல்கு என்று வந்திருக்கும் என்பது என் நெடுநாள் கருத்து. சுங்கம் பிறகு வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதலாம் குலோத்துங்கனுக்கும் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றுதானே பெயர் நின்றது?

யோகன், யாழ்ப்பாணம்

தில்லை ஐயா, உல்கு துறைமுகத்தில் அரசன் வாங்கியது. கயல்விழி கேட்பது அரசுக்குப் போகாத பணம். எங்கள் அரச ஆவணங்களில் லெவிக்கு ‘அறவீடு’ என்று எழுதுகிறோம். அறவிடுதல் என்றால் வசூலித்தல். ‘பந்தய அறவீடு’ என்று போடலாமே.

கயல்விழி

யோகன் அண்ணா, பக்கத்து மேசைத் தோழியிடம் அந்தச் சொல்லைக் காட்டினேன். “அறம், வீடு... ஏதாவது முதியோர் இல்லமா?” என்று கேட்டாள். இங்கே அப்படித்தான் வாசிப்பார்கள்.

முருகேசன், விருதுநகர்

மகமை என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதே. என் தாத்தா வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். சிட்டையில் சரக்கு, எடை, விலை, தரகு எழுதிய பிறகு கடைசி வரியில் ‘மகமை’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. அதைத் தாத்தா கல்லாவில் போட மாட்டார், தனி உண்டியல்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் மகமைப் பணத்தில் வளர்ந்தவை. தொழில் செய்கிறவன் தன் தொழிலிலிருந்து பொதுவுக்கு எடுத்துவைக்கும் பங்கு அது. பணம் எங்கே போகிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

தில்லை

மகமை, மகிமையின் திரிபு. வடசொல்.

முருகேசன்

மகன்மை என்று பிரிப்பவர்களும் உண்டு ஐயா. எப்படியானாலும் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

யோகன்

எனக்கு இரண்டு தடைகள். மகமை மனமுவந்து தருவது, லெவி சட்டம் வாங்குவது. மகமை மூட்டைக்கு, லெவி லாபத்துக்கு. மார்ச்சில் செல்ட்னம் குதிரைப் பந்தய விழாவில் எல்லோரும் எதிர்பார்த்த குதிரைகளே ஜெயித்தால் புக்கிகளின் லாபம் சுருங்கும், லெவியும் சுருங்கும். மூட்டைக் கணக்கில் அது நடக்காது.

முருகேசன்

இரண்டாவது உண்மைதான். லாபத்தின் மேல் வாங்காமல், புரளும் மொத்தப் பணத்தின் மேல் வாங்க வேண்டும் என்று அங்கே பந்தயத் தரப்பிலேயே கேட்டு வந்திருக்கிறார்கள். அப்படி நடந்தால் அது மூட்டைக் கணக்குதான். முதல் தடையை ஒப்புக்கொள்ள மாட்டேன். சங்கம் முடிவு செய்த பிறகு எந்தக் கடைக்காரர் மகமை தராமல் இருந்துவிட முடியும்?

எனக்கு வருத்தம் தருவது வேறு. மகமைக்கு அதை எண்ணி, எதற்குச் செலவு என்று சொல்ல ஒரு சங்கம் இருந்தது. அங்கே 59 மைதானங்கள், அதில் 15 ஜாக்கி கிளப்புடையவை. குதிரை உரிமையாளர்கள், பயிற்சியாளர்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம். 2007இல் பிறந்த பிரிட்டன் குதிரைப் பந்தய ஆணையத்திலிருந்து 2024 முடிவில் தலைமை நிர்வாகி ஜூலி ஹாரிங்டன் விலகினார். தலைவர் ஜோ சாமரெஸ் ஸ்மித் 2025இல் காலமானார். அடுத்து வரவேண்டிய ஆலன் பிரபு ஜூனுக்குப் பதில் செப்டம்பரில்தான் பொறுப்பேற்றார். பணம் குறையும் நேரத்தில் தலைமை நாற்காலியும் காலியாக இருந்தால் தொழிலுக்காக யார் பேசுவது?

கயல்விழி

அதே செப்டம்பர் 10 அன்று நான்கு மைதானங்களில் பந்தயத்தை நிறுத்தி எதிர்ப்புக் காட்டினார்கள், இணையச் சூதாட்டத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே வரிவிகிதம் வந்துவிடும் என்ற பயத்தில். நவம்பர் பட்ஜெட்டில் இணையச் சூதாட்டத்துக்கு 40 சதவீதம் என்றார்கள். குதிரைப் பந்தயத்துக்குப் பழைய 15 நின்றது. அது தீர்வை. லெவி அப்படியே இருக்கிறது. இந்த வேறுபாடு வாசகருக்குப் புரிந்தால் போதும்.

அப்புறம், ஹாரிங்டன் போனதும் இடைக்காலத்தில் பார்த்துக்கொண்ட பிராண்ட் டன்ஷீயை எப்படிச் சொல்வது? ‘பொறுப்பு’ தலைமை நிர்வாகியா?

யோகன்

இங்கே ‘பதில் தலைமை நிர்வாகி’. அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

கயல்விழி

‘பதில்’ என்றால் இங்கே விடை என்றுதான் நினைப்பார்கள் அண்ணா, மன்னிக்கவும். ‘இடைக்கால’ என்று போடுகிறேன்.

லெவிக்கு ‘பந்தய மகமை’. முதல் இடத்தில் ‘புக்கிகள் பந்தயத் தொழிலுக்குச் சட்டப்படி தரும் பங்கு’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். நால்வர் சம்மதம் சொல்லித் தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். பக்கம் இன்றிரவு முடிகிறது.

தில்லை

என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். சட்டம் போட்டு வாங்குவதை மகமை என்றால் நாளை மகமை தருகிறவரை என்னவென்று சொல்வீர்கள்? உல்கு பற்றி விரிவாக ஞாயிறன்று எழுதுகிறேன்.