பரிவா, முறையா? பாடநூலுக்கு இரு சொற்கள் வேண்டும்

மு. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திறனாய்வுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்கள் இன்னும் படியவில்லை.

முதலாவது, 'சாரிட்டபிள் ரீடிங்'. 'சாரிட்டி' நெறி என்ற பெயரை 1959-இல் மெய்யியலாளர் நீல் வில்சன் வைத்தார், அடுத்த ஆண்டே குவைன் எடுத்தாண்டார், பின்னர் டேவிட்சன் விரித்தார். மெய்யியலில் அது பிறர் கூற்றுக்குப் பொருள்கொள்ளும் நெறி. திறனாய்வில் பாத்திரத்தின் செயலுக்கும் நீட்டிவிட்டார்கள்: அவன் செய்ததற்கு இருக்கக்கூடிய நல்ல காரணத்தை முதலில் எண்ணிப் பார். இரண்டாவது இதன் எதிரிணை: செயலை அதன் விளைவோடு வைத்து நியாயம் கேட்பது.

பயிற்சிக்குக் கொடுத்துள்ள கதை இது. எதிரிப் படை பிடித்த ஊர். ஓர் ஆசிரியை, சிறையிலுள்ள மகனை மீட்க, பக்கத்து வீட்டு அச்சுக்கோப்பாளர் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறாள். மகன் வருகிறான், அவர் சுடப்படுகிறார். மாணவர் இதை இரு வகையிலும் வாசித்து எழுத வேண்டும். 'ஈகை வாசிப்பு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ச. எழுதியது:

தம்பி, சொல் கைவசம் இருக்கும்போது எதற்குத் தேடல்? கண்ணோட்டம், அதாவது இரக்கம் காட்டுவது. குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, 58-ஆவது. எதிரிணையும் வள்ளுவரே தந்திருக்கிறார்:

'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை.' (541)

யாரிடமும் இரங்கிச் சாயாமல் ஆராய்ந்து செய்வதே முறை, அதாவது நீதி. ஆகவே கண்ணோட்ட வாசிப்பு, முறை வாசிப்பு. இன்னொன்றும் கவனியுங்கள். 'பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்' குறளில் வரும் நாகரிகம் என்பதும் இதே கண்ணோட்டம்தான். நகரத்தோடு அதை முடிச்சுப் போடுவோர்க்கு நான் தனியே ஒரு மடல் எழுத வேண்டும்.

வி. எழுதியது:

ஐயா, அந்தத் தனி மடலைத் தனி இழையில் எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

இன்றைக்குக் கண்ணோட்டம் என்றால் பார்வைக் கோணம். 'கண்ணோட்ட வாசிப்பு எழுதுக' என்றால் 'யாருடைய கண்ணோட்டத்தில்?' என்றுதான் மாணவன் கேட்பான். 'முறை வாசிப்பு' அதைவிட மோசம். ஏதோ வாசிக்கும் முறை என்று நினைப்பான். பரிவு வாசிப்பு, நீதி வாசிப்பு என்று வையுங்கள். கேட்டவுடன் விளங்கும்.

ச. எழுதியது:

நீதி வடசொல். முறை செத்துவிட்டது என்கிறீர்களா? 'முறையிட்டான்' என்கிறோமே, அது என்ன முறை? மேல்முறையீடு என்று நீதிமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே! பரிவுக்கும் வருகிறேன். பரிதல் என்றால் இரங்குதல் மட்டுமல்ல. அறுதல், ஓடுதல், வருந்துதல் எல்லாம் உண்டு. 'பரியினும் ஆகாவாம் பாலல்ல' என்ற இடத்தில் வருந்திக் காத்தல். குதிரைக்குப் பரி என்ற பெயர் வந்ததும்...

வி. எழுதியது:

குதிரையை இழுத்து வர வேண்டாம் ஐயா. வெள்ளிக்கிழமை.

இ. எழுதியது:

வழக்குரைஞராக ஒரு செய்தி சொல்கிறேன். இவை ஒன்றையொன்று தள்ளும் இணை என்று வைத்துக்கொண்டே பேசுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1950-இல் ஐ.நா. பன்னாட்டுச் சட்ட ஆணையம் வகுத்த, போர்க்குற்றங்கள் பற்றிய நியூரம்பர்க் கோட்பாடுகளில் நான்காவது, மேலிட ஆணை என்பதால் பொறுப்பு நீங்காது என்கிறது. கூடவே, அறவழியில் தேர்வு செய்ய அவனுக்கு உண்மையில் இடமிருந்திருந்தால் என்றொரு நிபந்தனையும் உண்டு.

எர்டெமோவிச் வழக்கைப் பாருங்கள். 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையில் சுட்ட படைவீரன். மறுத்தால் தன்னையும் வரிசையில் நிறுத்திச் சுட்டிருப்பார்கள் என்றான். கொல்லாவிட்டால் சாவு என்ற நெருக்கடிகூட, குற்றமற்றவர்களைக் கொன்றதற்கு முழு எதிர்வாதம் ஆகாது என்று 1997-இல் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு மூவருக்கு இருவர் என்ற கணக்கில் சொன்னது. ஆனால் முதலில் 10 ஆண்டாக இருந்த தண்டனை, மறுவிசாரணை அமர்வில் 1998-இல் 5 ஆண்டானது. குற்றத்தை முடிவுசெய்யும்போது ஒன்று, தண்டனையை அளக்கும்போது மற்றது. ஆசிரியையையும் இப்படியே படிக்கலாமே? 'கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு' என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான்.

தே. எழுதியது:

வகுப்பில் பாடம் நடத்துகிறவள் என்பதால் இடையில் புகுகிறேன். எந்தச் சொல் எளிது என்றே எல்லோரும் அடித்துக்கொள்கிறீர்கள். பரிமேலழகர் கண்ணோட்டத்துக்குச் சொல்லும் விளக்கத்தைப் பாருங்கள்: பழகியவரைக் கண்டால் அவர் சொன்னதை மறுக்க முடியாமை.

இந்தக் கதையில் நமக்குப் பழக்கமானவர் யார்? ஆசிரியைதான். நாவல் முழுக்க அவள் மனத்துக்குள்ளேயே குடியிருக்கிறோம். மகனின் சட்டையை அவள் மடித்து வைப்பது தெரியும், கதவு தட்டப்படும்போது அவள் வயிறு கலங்குவது தெரியும். அச்சுக்கோப்பாளருக்கு ஈயம் படிந்த விரல்களும் இரண்டு வரி வசனமும். அவருக்கும் பிள்ளை உண்டா என்றுகூட நமக்குத் தெரியாது. அவள்மேல் நமக்கு வரும் இரக்கத்தில் பாதி அவள் செய்த தேர்வால் வந்ததல்ல, நாவலாசிரியர் அவளுக்கு ஒதுக்கிய பக்கங்களால் வந்தது. மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பரிவு என்ற சொல் இதைக் காட்டாது, யார்மீதும் பரியலாம். கண்ணோட்டம் காட்டும். 541-இல் 'யார்மாட்டும்' என்று இருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். முறை என்பது கடுமையல்ல, பழகாத அச்சுக்கோப்பாளரையும் கணக்கில் சேர்ப்பது.

இ. தம்பி சொன்ன வழக்கில் செத்தவர்கள் தரப்பைச் சொல்ல அரசுத் தரப்பு இருந்தது. நாவலில் அந்த வேலையை வாசகன்தான் செய்தாக வேண்டும்.

வி. எழுதியது:

அக்கா சொல்வது சரி. ஆனால் அது ஒரு வகுப்புக்கான விளக்கம், சொல் அல்ல. பரிமேலழகரைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு கலைச்சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது வழங்காது.

மு. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் பரிவு வாசிப்புக்கே ஆதரவு அதிகம். பலர் 'ஏதோ ஒன்றை வைத்து முடியுங்கள்' என்ற தொனியில்தான் எழுதியிருக்கிறார்கள். பரிவு வாசிப்பு, நீதி வாசிப்பு என்றே போகிறது. தே. அக்கா சொன்னதை, பரிமேலழகரோடு, பயிற்சிக்கு முன்னுள்ள விளக்கப் பத்தியில் சேர்த்துவிட்டேன்.

ச. எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். விளக்கத்தில் கண்ணோட்டம், தலைப்பில் பரிவு! அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம். நாகரிகம் பற்றிய மடல் இன்றிரவு வரும்.