செக்கும் திரும்பியது, நோட்டீஸும் திரும்பியது: அடுத்து என்ன?

எல்லோருக்கும் வணக்கம். செக் வழக்கு நடத்திய வக்கீல்களோ, அதில் அனுபவப்பட்டவர்களோ இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

தெரிந்தவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு அவர் தந்த செக், கணக்கில் போதிய பணமில்லை என்று திரும்பிவிட்டது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம், அப்போதும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் என்பது வரை தெரியும். நோட்டீஸைக் கெடுவுக்குள் அனுப்பிவிட்டேன்.

சிக்கலே இனிமேல்தான். நோட்டீஸ் 'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. ஆள் வீட்டில்தான் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் தினமும் ஸ்டேட்டஸ் வேறு போடுகிறார்! சரியான முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லியிருக்கிறது. சரி, அந்த 15 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? தபால்காரர் வந்துபோன நாளா, கவர் என்னிடம் திரும்பிய நாளா?

அப்புறம், இப்போது அவரே போன் செய்து, "வேறு செக் தருகிறேன், கேஸெல்லாம் எதற்கு அண்ணே" என்கிறார். புதுச் செக்கை வாங்கினால் பழைய செக்கை வைத்து வழக்குப் போடும் உரிமை போய்விடுமா? வாங்குவதென்றால் அவரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்?

பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது, அது மட்டும் வேண்டாம். செக், வங்கி மெமோ, நோட்டீஸ் நகல், திரும்பி வந்த கவர் (பிரிக்கவில்லை) எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.