முள்ளும் ஏறக்கூடாது, கனமாகவும் இருக்கக்கூடாது: ஷூ சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறுதோறும் விடியலில் பிரான்மலை ஏறுவது வழக்கம். ஏறுவது நடை, இறங்குவது பாதி ஓட்டம். வெள்ளியங்கிரி திறந்ததும் ஏழு மலையையும் மூட்டை முடிச்சு இல்லாமல் வேகமாக ஏறி இறங்க ஆசை.

இதுவரை கணுக்கால் மூடிய பூட்ஸ்தான். ஒன்று அரைக் கிலோவுக்கு மேல். தண்ணீர் புகாத துணி என்று பெருமையாக வாங்கினேன். நம்ம வெயிலில் உள்ளே வேர்த்து ஊறி, சுண்டுவிரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அப்புறம் சாதாரண ரன்னிங் ஷூவில் போய்ப் பார்த்தேன். பூப்போல இருந்தது. ஆனால் அடிவாரத்தில் ஒரு சீமைக்கருவேல முள் மெத்தென்ற அடியை அப்படியே துளைத்து உள்ளங்காலில் இறங்கிவிட்டது. பிடுங்கியும் முனை உள்ளேயே முறிந்து, அம்மா ஊசியை வைத்து எடுத்தார்.

அதனால் டிரெயில் ஷூ (மலை, காட்டுப் பாதையில் ஓடுவதற்கான ஷூ) பார்க்கிறேன். ஒரு கால் ஷூ 300 கிராமுக்குள், அடிப்பல் (பிடிப்புக்காக அடியில் இருக்கும் பற்கள்) 4, 5 மில்லிமீட்டர், சீக்கிரம் காயும் வலைத்துணி. சாலமன் ஸ்பீட்கிராஸ் சேற்றுக்கு ஏற்றது, நம்ம செம்புறாங்கல்லில் சீக்கிரம் தேயும் என்று தோன்றுகிறது. சாக்கனி பெரெக்ரினின் சில பதிப்புகளில் கல் குத்தாமலிருக்க உள்ளே தகடு உண்டு. அது முள்ளையும் தடுக்குமா? என் பாதம் கொஞ்சம் அகலம், முன்பக்கம் இறுக்காதா?

போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள். பட்ஜெட் 8,000. மதுரை, திருச்சியில் காலில் போட்டுப் பார்த்து வாங்க நல்ல கடை இருந்தாலும் சொல்லுங்க.